பேரிங் தேய்ந்தது, யார் குற்றம்?



அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையிலோ, ஆவடி மார்க்கெட் பக்கத்திலோ, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ அவ்வப்போது ஒரு பழைய அம்பாசிடர் கார் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் காரின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடும் அம்பாசிடர் எதுவானாலும் அது பத்து வயதைத் தாண்டியது. நாற்பது, ஐம்பது வயதானவையும் உண்டு. நம் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் இன்னும் மூத்தவை. அவற்றையும் சிலர் அக்கறையோடு காப்பாற்றி வருகிறார்கள்.

வயதான இந்த எஞ்சின்களுக்கு வரும் முக்கியமான நோய் ஒன்று உண்டு. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரு தட்டல் கேட்கும். “பேரிங் போய்விட்டது, மாற்றிவிடலாம்” என்பார்கள். பேரிங்கை மாற்றியதும் சத்தம் நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் தட்டல் கேட்கும்.

இதைப்பற்றி எனக்கு ஒரு திட்டமான கருத்து உண்டு. தேய்ந்த பேரிங் நோயன்று, நோயின் அடையாளம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது பழுதுபார்த்தல் ஆகாது. காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது அது. காரே இல்லாத மாணவனுக்கு இது எதற்கு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் பேரிங் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

எண்ணெயின் மேல் மிதக்கும் இரும்பு

பேரிங் என்றதும் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் உருண்டைகள் உங்கள் நினைவுக்கு வரலாம். இங்கே உருண்டைகள் இல்லை. அரை வட்டமாக வளைத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள்தாம் இந்தப் பேரிங். இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, சுழலும் கிராங்க் தண்டைத் தாங்குகின்றன. தகட்டின் முதுகு எஃகு. உட்புறத்தில் வெள்ளீயம், காரீயம், செம்பு போன்றவை கலந்த மென்மையான உலோகப் பூச்சு. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-ஆம் ஆண்டில் இத்தகைய மென் உலோகத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் இத்தகைய மெல்லிய தகட்டுப் பேரிங்குகளைச் செய்த முன்னோடி நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூரின் பைமெட்டல் பேரிங்ஸ்.

அம்பாசிடரில் பல்லாண்டுகள் பயன்பட்டது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். அதில் கிராங்க் தண்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள் இருக்கின்றன. நான்கு கனெக்டிங் ராடுகளின் பெரிய முனைகளில் நான்கு ‘பிக் எண்ட்’ பேரிங்குகள். ஆக மொத்தம் ஏழு.

இந்த ஏழும் படும் பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ. எனவே பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 42 சதுர செ.மீ. எரியும் வாயு ஒரு சதுர செ.மீ.க்கு 40 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், பிஸ்டனின் மேல் விழும் மொத்த விசை சுமார் 1,680 கிலோ எடைக்குச் சமம். ஒன்றரை டன்னுக்கும் மேல்! எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை இந்த அடி விழுகிறது. அதே சமயம், சுமார் 2 அங்குல விட்டமுள்ள கிராங்கின் பரப்பு விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பேரிங்கின் மேல் ஓடுகிறது.

மென்மையான உலோகம் இதை எப்படித் தாங்குகிறது? அது தாங்குவதில்லை. எண்ணெய் தாங்குகிறது!

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேல்பக்கத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், பிறகு மர ஆப்பால் அடைத்தார். அடைப்பு வெளியே தள்ளப்பட்டது. வியந்துபோன அவர் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மேலிருந்த சராசரிச் சுமையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக அழுத்தம் காட்டியது. சுழலும் அச்சு, தானே எண்ணெயை இழுத்துச் சென்று குறுகிய இடைவெளிக்குள் திணிக்கிறது. அப்படித் திணிக்கப்பட்ட எண்ணெய் அச்சின் சுமையைச் சுமக்கிறது. 1886-ல் ஆசுபோர்ன் ரெனால்ட்சு இதற்கான கணிதத்தை எழுதினார். மழைநாளில் வழவழப்பான தரையில் செருப்புக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்து உங்களை வழுக்கிவிடுகிறதே, அது சில கணம் உங்களைத் தாங்கிய படலம்தான்.

ஆக, ஆரோக்கியமான எஞ்சினில் ஓடும்போது கிராங்க் பேரிங்கைத் தொடுவதில்லை. எண்ணெய்ப் படலம் அறுந்தால்தான் உலோகம் உலோகத்தைத் தொடும். எனவே “பேரிங் ஏன் போயிற்று?” என்ற கேள்வியை “எண்ணெய்ப் படலம் ஏன் அறுந்தது?” என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

மயிரிழை இடைவெளி

கிராங்குக்கும் பேரிங்குக்கும் இடையே எவ்வளவு இடம் விட வேண்டும்? ஓர் அங்குல விட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய பட்டறைக் கணக்கு. இரண்டு அங்குலக் கிராங்குக்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மி.மீ. மெல்லிய தலைமயிரின் பருமன்தான்!

தேய்ந்து இந்த இடைவெளி இரட்டித்தால் என்னவாகும்? எண்ணெய்க் கசிவும் இரட்டிக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. மெல்லிய இடைவெளியில் திரவம் பாயும் அளவு, இடைவெளியின் முப்படியைப் பொறுத்தது. மற்றவை மாறாதிருந்தால், இடைவெளி இரு மடங்கானால் கசிவு 2 × 2 × 2 = 8 மடங்கு! ஒரு பேரிங் எட்டு மடங்கு எண்ணெயை ஒழுகவிட்டால் மற்றவற்றுக்குப் பற்றாக்குறை வரும். எண்ணெய் முதலில் மெயின் பேரிங்குகளுக்கு வந்து, அங்கிருந்து கிராங்குக்குள் துளைத்த வழிகளில் புகுந்து, கடைசியாகத்தான் பிக் எண்டுகளுக்குப் போய்ச் சேர்கிறது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராத கதைதான். மெயின் பேரிங் தேய்ந்ததன் தண்டனையைப் பிக் எண்ட் அனுபவிக்கலாம். பிக் எண்டை மட்டும் மாற்றிவிட்டு வந்தவர் மீண்டும் பட்டறைக்குப் போவதில் வியப்பென்ன?

காதும் ஒரு கருவி

1816-ல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் மார்பொலிமானியைக் கண்டுபிடித்தார். நம் ஊர் மெக்கானிக்குகளிடம் அதற்கு ஈடான கருவி ஒன்று உண்டு. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின் உடலில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். திடப்பொருளில் ஒலி நன்றாகக் கடத்தப்படும் என்று நீங்கள் படித்தது இதுதான்.

எல்லாத் தட்டலும் பேரிங் தட்டல் ஆகாது. மேலிருந்து வரும் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி, கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை கேட்டால் வால்வு டேப்பெட்டைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் மறையும் ஒலி பெரும்பாலும் பிஸ்டனுடையது. பிக் எண்டின் தட்டல் எஞ்சின் சூடாகி எண்ணெய் இளகிய பிறகு வலுக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்திச் சற்றே விடும் கணத்தில் தெளிவாகக் கேட்கும். மெயின் பேரிங்கின் ஒலி கனமானது. மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து உறுமும்.

எந்தச் சிலிண்டரில் கோளாறு? ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகச் செயலிழக்கச் செய்து கேட்பார்கள். மூன்றாவது பிளக்கை நிறுத்தும்போது தட்டல் குறைந்தால் குற்றவாளி மூன்றாவது பிக் எண்ட். எரிப்பு இல்லாதபோது அடியும் இல்லையல்லவா? ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, விளைவைக் கவனிப்பது. உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் கட்டுப்படுத்தப்பட்ட சோதனை இதுவே. ஆனால் எச்சரிக்கை! பிளக் கம்பியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. இதை அனுபவமுள்ளவர் செய்ய, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். வடித்த பழைய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மினுக்கும் துகள்கள் தெரிந்தால் காந்தத்தை அருகே கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறமாகவோ மின்னினால் பேரிங்கின் பூச்சாக இருக்கக்கூடும். கைக்குக் கையுறை அவசியம். பிறகு அந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

தகடு சொல்லும் சாட்சி

எஞ்சினைப் பிரித்தபின் பழைய பேரிங் தகடுகளை உடனே குப்பைத் தொட்டியில் போடுவது, கொலை நடந்த வீட்டைக் காவல்துறை வருமுன் கழுவிவிடுவதற்குச் சமம். அவற்றை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று குறித்து, வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

சுற்றுவட்டமாகக் கீறல்கள் இருந்தால் தூசியோ மணலோ புகுந்திருக்கிறது. சுமை கூடும் இடத்தில் எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளாக மெலிந்துவிடும். அதைவிடப் பெரிய மணல் துகள் அங்கே போனால் உழுதுவிடும். வடிகட்டியை மாற்றாதது காரணமாக இருக்கலாம். கிராங்கைக் கடைந்தபின் அதன் எண்ணெய்த் துளைகளைக் கழுவாததும் காரணமாக இருக்கலாம்.

பூச்சு உருகி வழித்தது போலிருந்தால் எண்ணெய் வரவில்லை. பம்பையும் எண்ணெய் வழிகளையும் பார்க்க வேண்டும். தகட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். வெயிலில் காய்ந்த குளத்துச் சேற்றைப் போல வெடித்துப் பெயர்ந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது. தகட்டின் முதுகில் ஒரு பொட்டு மட்டும் பளபளத்தால், பொருத்தும்போது அதன் பின்னே அழுக்கு சிக்கியிருக்கிறது. நுண்ணிய குழிகள் இருந்தால் எண்ணெயில் அமிலமோ நீரோ சேர்ந்திருக்கிறது.

கடைசிக் காரணம் நம் பகுதிக்கு அந்நியமானதன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. 2023-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. எஞ்சினுக்குள் நீர் புகுந்த காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், காற்றைப் போல நீர் சுருங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். நீர் கலந்த எண்ணெய் மோர் போல வெளுத்து, படலம் அமைக்கும் திறனை இழக்கும். அத்தகைய காருக்குப் புதுப் பேரிங் மட்டும் போட்டு என்ன பயன்?

திருகு அளவியை வெளியே எடுங்கள்

இனி வருவது அளவு. உங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவி இருக்கிறது. அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அதைக்கொண்டு ஒரு கம்பியின் விட்டத்தை அளந்து, பதிவேட்டில் எழுதி, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். லேத் பட்டறையில் ‘மைக்ரோமீட்டர்’ என்று சொல்லிக் கிராங்கை அளப்பது அதே கருவியைத்தான். உங்களுடையது 25 மி.மீ. வரை அளக்கும். கிராங்குக்கு 25 முதல் 50 மி.மீ. வரை அளப்பதும், அதற்கு அடுத்த அளவும் தேவை. வேறுபாடு அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டு. கிராங்கின் ஒரு பின்னை ஒரு திசையில் அளந்தால் 47.62 மி.மீ. இருக்கிறது. 90 பாகை தள்ளி அளந்தால் 47.54 மி.மீ. அப்படியானால் அது வட்டமாக இல்லை, 0.08 மி.மீ. அளவுக்கு நீள்வட்டமாகிவிட்டது. இருக்க வேண்டிய இடைவெளியே 0.05 மி.மீ. தானே? இந்தக் கிராங்கில் உலகிலேயே சிறந்த புதுப் பேரிங்கைப் போட்டாலும் பொருந்தாது. கிராங்கைக் கிரைண்டிங் செய்ய வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது 0.25 மி.மீ. விட்டத்தைக் குறைத்து, அதற்கேற்பத் தடித்த ‘பத்து சைஸ்’ பேரிங்கைப் பொருத்துவார்கள். மேலும் தேய்ந்திருந்தால் இருபது, முப்பது என்று போகும். கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. விரலால் தடவியும் முடியாது. அளந்தால்தான் உண்டு.

அளக்காத இடத்தில் என்ன நடக்கிறது? தேய்ந்த பேரிங்கின் முதுகில் காகிதமோ தகரத் துண்டோ வைத்து இறுக்குகிறார்கள். ராடின் மூடியை அரத்தால் தேய்த்து இடைவெளியைக் குறைக்கிறார்கள். வட்டமான துளை வட்டமாக இல்லாமல் போகிறது. தகட்டின் வெப்பம் வெளியேற வழியும் கெடுகிறது. இன்னும் சிலர் காரை விற்கும் முன் மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றித் தட்டலை மறைக்கிறார்கள். இது பழுதுபார்த்தலன்று, ஏமாற்று. பேரிங் இறுகி, ராடு முறிந்து, எஞ்சினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் வண்டியில் அது நேர்ந்தால் ஆபத்து வண்டிக்கு மட்டுமா?

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. “இன்று மாலைக்குள் வண்டி வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும்” என்று நெருக்குகிறவர்கள் நாம்தான். காரை வைத்துப் பிழைப்பவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. அவருடைய அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காரணம் தெரியாமல் மூன்று முறை எஞ்சினைப் பிரித்து மூட்டும் கூலியும், அத்தனை நாள் வருமான இழப்பும், ஒரு முறை அளந்து சரியாகச் செய்வதைவிட அதிகம். ஏழைக்கு ஏற்றது மலிவான அரைகுறை வேலை என்பது தவறான எண்ணம். மறுபடியும் செலவழிக்க வசதியில்லாதவருக்குத்தான் முதல் முறையே சரியான வேலை தேவை.

மின்சாரக் கார் வந்துவிட்டதே?

“மின்சாரக் கார் ஓடும் காலத்தில் பழைய கிராங்கைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்மோட்டாரில் கிராங்க் இல்லை. ஆனால் பேரிங் உண்டு. உங்கள் வீட்டு மின்விசிறியிலும், கிரைண்டரிலும், தண்ணீர் மோட்டாரிலும் உண்டு. மின்சாரம் தயாரிக்கும் பெரிய அனல்மின் நிலையங்களின் டர்பைன் தண்டுகள் இன்றும் டவர் கண்ட அதே எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் சுழல்கின்றன. எந்திரம் மாறும். உராய்வு போகாது.

அதைவிட முக்கியம், முறை. கேள், ஊகி, சோதி, அள, காரணம் காண், பிறகு சரிசெய், மறுபடியும் சோதி. எந்த எந்திரத்துக்கும் இது பொருந்தும். நாம் வாழும் பகுதியே இந்த முறையால் வளர்ந்ததுதான். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. அதே பத்தாண்டில் பாடியில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இவற்றைச் சுற்றி லேத் பட்டறைகள் தோன்றின. நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பிசகாமல் கடைந்து கொடுத்த கைகள் இங்கே இருந்தன, இன்னும் இருக்கின்றன. அவர்களுள் பலர் பள்ளியில் உங்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள். ஆனால் அளவைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் அவர்கள் பாடம் நடத்த முடியும்.

ஆகவே என் யோசனை இது. பள்ளிகள் கோளரங்கத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது போல, ஆண்டுக்கு ஒரு முறையாவது அருகிலுள்ள ஒரு கிராங்க் கிரைண்டிங் பட்டறைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு பழைய கிராங்கை மாணவர்களே நான்கு இடங்களில், இரண்டு திசைகளில் அளந்து அட்டவணை போட வேண்டும். கழித்துப் போட்ட பேரிங் தகடுகளை வாங்கி வந்து, ஒவ்வொன்றும் எப்படிச் செத்தது என்று வகுப்பில் விவாதிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஓடும் எந்திரத்திலிருந்து விலகி நின்று, தளர்ந்த உடையும் தொங்கும் துப்பட்டாவும் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பள்ளி ஏற்பாடு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டு மின்விசிறியோ, அப்பாவின் மோட்டார் சைக்கிளோ சத்தம் போட்டுப் பழுதுபார்க்கப் போனால், நீங்களும் கூடப் போங்கள். “அண்ணே, கழற்றிய பழைய பாகத்தைக் கொஞ்சம் காட்டுங்கள், இது ஏன் தேய்ந்தது?” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்வியை விரும்புவார். கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார்.